ஆடியோ இன்டர்ஃபேஸைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது என்று பாருங்கள்

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி. அதில் விளக்கு எரிகிறது, கணினியில் பெயர் வரவில்லை. அல்லது பெயர் வருகிறது, பாதிப் பாட்டில் அறுந்துபோய் இரண்டு நொடி கழித்து மறுபடி வருகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் டிரைவரை நீக்கிப் புதிதாகப் போடுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸையே அழித்துப் போடுவார்கள். எந்தத் துளையில் எந்தக் கேபிள் போயிருக்கிறது என்று பார்ப்பது கடைசியில்தான். அதை முதலில் செய்தால் பத்து நிமிட வேலை.

ஒரு போர்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: வாயின் வடிவம், உள்ளே ஓடும் நெறிமுறை (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை), அது தரும் மின்சாரம். கண்ணுக்குத் தெரிவது வடிவம் மட்டும். முன்பெல்லாம் வடிவமே மற்றதைச் சொல்லிவிடும். ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வகையின் பிளக் யுஎஸ்பி துளைக்குள் நுழையவே நுழையாது. 2011-இல் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு வந்தபோது, திரையை இணைக்கும் மினி டிஸ்ப்ளேபோர்ட்டின் வாயை அப்படியே எடுத்துக்கொண்டது, குழப்பம் அங்கே தொடங்கியது. 2015-இல் தண்டர்போல்ட் 3 யுஎஸ்பி-சி வாய்க்கு மாறியதும் குழப்பம் முழுமையடைந்தது. இன்று ஒரே மாதிரியான இரண்டு துளைகளில் ஒன்று தண்டர்போல்ட்டாகவும் மற்றது வெறும் யுஎஸ்பியாகவும் இருக்கலாம்.

முதலில் இன்டர்ஃபேஸின் முதுகைப் பாருங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் இன்டர்ஃபேஸைத் திருப்பிப் பின்புறம் எழுதியிருப்பதைப் படியுங்கள். சதுர வாய், மேல் இரண்டு மூலையும் சீவியது போல இருந்தால் யுஎஸ்பி-பி. பிரின்டரில் இருப்பதும் இதுதான். கடையில் 'பிரின்டர் கேபிள்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். அந்தச் சதுரத்தின் தலையில் இன்னொரு சின்னத் துளை ஏறி உட்கார்ந்திருந்தால் அது யுஎஸ்பி 3 வகை. பழைய பிரின்டர் கேபிள் இதில் நுழையும், யுஎஸ்பி 2 வேகத்தில் ஓடும். ஆனால் தலை பெருத்த யுஎஸ்பி 3 பிளக் பழைய சதுர வாயில் நுழையாது. அழுத்திப் பார்க்க வேண்டாம்.

இன்டர்ஃபேஸில் நீள்வட்ட யுஎஸ்பி-சி வாய் இருந்தால் வடிவத்தை நம்பாமல் கையேட்டைத் திறக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருட்களே இதற்குச் சாட்சி. யுனிவர்சல் ஆடியோவின் வோல்ட் வரிசையில் யுஎஸ்பி-சி வாய். உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2.0. அதே நிறுவனத்தின் அப்போலோ ட்வின் எக்ஸ் தண்டர்போல்ட் மாடலிலும் அதே வாய்தான். உள்ளே தண்டர்போல்ட் 3. வோல்ட்டை எந்த யுஎஸ்பி துளையிலும் செருகலாம். இந்த அப்போலோவைத் தண்டர்போல்ட் இல்லாத யுஎஸ்பி-சி துளையில் செருகினால் பிளக் கச்சிதமாக உட்காரும், வேறெதுவும் நடக்காது. எந்த டிரைவரும் இதைச் சரிசெய்யாது. யுஎஸ்பி-ஏ முனைக்கு மாற்றும் அடாப்டரும் உதவாது.

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பின்னால் இரண்டு யுஎஸ்பி-சி வாய்கள் இருக்கும். ஒன்று கணினிக்கு. இன்னொன்று 5 வோல்ட் மின்சாரத்துக்கு மட்டும், அதில் தரவுக் கம்பியே கிடையாது. அவசரத்தில் கணினிக் கேபிளை இந்த இரண்டாவதில் செருகிவிட்டு, 'ஆன் ஆகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் வரவில்லை' என்று மண்டையை உடைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

நீலத் துளை வேண்டுமா?

'யுஎஸ்பி 3-இல் போட்டால் சத்தம் நன்றாக இருக்கும்' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஒலித் தடத்துக்கு நொடிக்கு 1.152 மெகாபிட். 18 உள்ளே, 20 வெளியே என்று 38 தடமும் ஒரே நேரத்தில் ஓடினாலும் சுமார் 44 மெகாபிட்தான். யுஎஸ்பி 2.0-இன் வேகம் 480 மெகாபிட். அதனால்தான் சந்தையில் உள்ள பெரும்பாலான இன்டர்ஃபேஸ்கள், யுஎஸ்பி-சி வாய் வைத்திருப்பவை உட்பட, உள்ளுக்குள் யுஎஸ்பி 2.0-ஆகவே இருக்கின்றன. மோட்டு எம்2-வும் ஸ்கார்லெட் மூன்றாம், நான்காம் தலைமுறைகளும் அப்படித்தான். யுஎஸ்பி 3 உண்மையில் தேவைப்படுவது ஆர்எம்ஈ மேடிஃபேஸ் எக்ஸ்டி போன்று நூற்றுக்கணக்கில் தடங்கள் ஓட்டும் கருவிகளுக்கு.

ஆக, 2 உள்ளே 2 வெளியே போகும் வீட்டு இன்டர்ஃபேஸுக்கு நீலத் துளையும் கறுப்புத் துளையும் வேகத்தில் ஒன்றுதான். வேறுபாடு மின்சாரத்தில் வரும். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். நிறத்தையும் ஓரளவுக்குத்தான் நம்பலாம். துளைக்குள் இருக்கும் நாக்கு கறுப்பு அல்லது வெள்ளை என்றால் யுஎஸ்பி 2, நீலம் என்றால் யுஎஸ்பி 3 என்பது பரவலான வழக்கம். ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைப் பின்பற்றுவதில்லை. பல மடிக்கணினிகளில் யுஎஸ்பி 3 துளையும் கறுப்பாகவே இருக்கும். துளைக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்ற எழுத்தோ 5, 10 என்ற எண்ணோ அச்சாகியிருந்தால் அது யுஎஸ்பி 3 வகை.

சில பழைய இன்டர்ஃபேஸ்கள் யுஎஸ்பி 3 துளையில் தகராறு செய்து, யுஎஸ்பி 2 துளையில் ஒழுங்காக ஓடும். விண்டோஸில் 'யுஎஸ்பி கன்ட்ரோலர் ரிசோர்சஸ் போதவில்லை' என்ற பொருளில் செய்தி வந்தாலும் முதல் மருந்து இதே: யுஎஸ்பி 2 துளை இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

தண்டர்போல்ட் துளையைக் கண்டுபிடிப்பது

துளைக்கு அருகே முனையில் அம்புக்குறி உள்ள மின்னல் அடையாளம் இருந்தால் தண்டர்போல்ட். பேட்டரி படத்துக்குள் மின்னல் வரைந்திருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் போனுக்கு சார்ஜ் ஏற்றும் துளை என்று மட்டும் பொருள். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஆப்பிள் தன் பல கணினிகளில் இந்த அடையாளத்தைப் போடுவதில்லை. மாடலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 2024-இல் வந்த எம்4 மேக் மினியில் முன்னால் உள்ள இரண்டு துளைகளும் வெறும் யுஎஸ்பி, பின்னால் உள்ள மூன்றும் தண்டர்போல்ட். மேக் ஸ்டுடியோவில் இன்னும் விசித்திரம்: எம்1 மேக்ஸ் சிப் உள்ள பெட்டியில் முன் துளைகள் யுஎஸ்பி, எம்1 அல்ட்ரா சிப் உள்ள அதே பெட்டியில் அவை தண்டர்போல்ட். வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. கைக்கு வசதி என்று முன்னால் செருகுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்டோஸ் கணினியில் யுஎஸ்பி4 என்று போட்டிருந்தால் தண்டர்போல்ட் கருவி கட்டாயம் ஓடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யுஎஸ்பி4 தரத்தில் கணினிகளுக்குத் தண்டர்போல்ட் 3 ஆதரவு விருப்பத் தேர்வுதான். மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் 'தண்டர்போல்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மேசைக் கணினியில் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) தண்டர்போல்ட் அணைக்கப்பட்டிருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். சில கணினிகளில் தண்டர்போல்ட் கன்ட்ரோல் சென்டரைத் திறந்து கருவிக்கு ஒருமுறை அனுமதி கொடுத்தால்தான் அது உள்ளே வரும்.

மினி டிஸ்ப்ளேபோர்ட் வடிவ வாய் உள்ள தண்டர்போல்ட் 1 அல்லது 2 இன்டர்ஃபேஸைப் புதிய கணினியில் மாட்ட ஆப்பிளின் தண்டர்போல்ட் 3 - தண்டர்போல்ட் 2 அடாப்டர் வேண்டும். பார்வைக்கு அதே போல இருக்கும் மலிவான 'யுஎஸ்பி-சி - மினி டிஸ்ப்ளேபோர்ட்' அடாப்டர் திரைக்கானது. இன்டர்ஃபேஸ் அதில் ஓடாது.

மின்சாரம் போதாமல் வரும் கோளாறுகள்

யுஎஸ்பி 2 துளை தர வேண்டியது 500 மில்லியாம்பியர், அதாவது 2.5 வாட். யுஎஸ்பி 3 என்றால் 900 மில்லியாம்பியர், 4.5 வாட். யுஎஸ்பி-சி துளை 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியரோ 3 ஆம்பியரோ தரலாம், கணினியைப் பொறுத்தது.

இதை வைத்து, இன்டர்ஃபேஸிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் கண்டென்சர் மைக் ஒன்றின் செலவைப் பாருங்கள். மைக் கேபிள் வழியாகவே போகும் இந்த 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தில் ஒரு மைக் அதிகபட்சம் 10 மில்லியாம்பியர் இழுக்கலாம். அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த 48 வோல்ட்டை 5 வோல்ட்டிலிருந்து உயர்த்தும்போது ஆகும் இழப்பு தனி. இரண்டு மைக் மாட்டினால் 2.5 வாட்டில் ஒரு வாட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். மீதியில்தான் மைக் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப், ஹெட்போன் ஆம்ப், சிப் எல்லாம் பிழைக்க வேண்டும்.

ஆகவே 48 வோல்ட் பொத்தானை அழுத்தியதும் இன்டர்ஃபேஸ் கணினியிலிருந்து காணாமல் போனால், இந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்கில் சுத்தமாக இருந்த ஒலி கண்டென்சரில் மட்டும் கரகரத்தால், அல்லது ஹெட்போன் சத்தத்தைக் கூட்டும்போது விளக்கு மங்கினால், காரணம் பெரும்பாலும் மின்சாரம்தான். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். யுஎஸ்பி 2 துளையில் இருந்தால் யுஎஸ்பி 3 அல்லது யுஎஸ்பி-சி துளைக்கு மாற்றுங்கள். கருவிக்கு மின் அடாப்டர் வாய் இருந்தால் அந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஹப் கட்டாயம் என்றால் தனி மின் அடாப்டர் உள்ள ஹப்பாக வாங்க வேண்டும். அடாப்டர் இல்லாத யுஎஸ்பி 2 ஹப் அந்த 500 மில்லியாம்பியரைத்தான் எல்லாத் துளைகளுக்கும் பங்கிடும். விசைப்பலகை, மவுஸ், பென் டிரைவ் எல்லாம் சாப்பிட்ட மிச்சம் இன்டர்ஃபேஸுக்கு. மானிட்டருக்குப் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளைகளும் ஹப்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேபிள்

விளக்கு எரிந்து, கணினியில் பெயர் வராமல் இருந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல் விழ வேண்டும். பவர் பேங்க், ஹெட்செட், டிரிம்மர் இவற்றோடு வரும் பல கேபிள்களில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. சோதிப்பது சுலபம்: அதே கேபிளில் போனைக் கணினியோடு இணைத்து 'கோப்புகளை மாற்று' என்று கொடுங்கள். படங்கள் திறந்தால் தரவு போகிறது. சார்ஜ் மட்டும் ஏறினால் அந்தக் கேபிளைச் சார்ஜருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்டர்போல்ட் கருவிக்கு இன்னும் கவனம் வேண்டும். மேக்புக்கோடு வரும் சார்ஜிங் கேபிள் இரண்டு முனையிலும் யுஎஸ்பி-சிதான், ஆனால் தரவுக்கு அதில் யுஎஸ்பி 2 கம்பிகள் மட்டுமே. அதில் தண்டர்போல்ட் இன்டர்ஃபேஸ் எழாது. பிளக்கின் மேல் மின்னல் அடையாளம் உள்ள கேபிள்தான் வேண்டும்.

நீளம்: யுஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டருக்குள், யுஎஸ்பி 3 என்றால் 3 மீட்டருக்குள். எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கூட்டினால் அந்த நீளமும் கணக்கில் சேரும், கூடவே ஒரு தளர்வான இணைப்பும் சேரும். பாடும் அறை தூரத்தில் இருந்தால் மைக் கேபிளை நீட்டுங்கள். எக்ஸ்எல்ஆர் கேபிள் பத்து இருபது மீட்டரைச் சிரமமின்றித் தாங்கும்; யுஎஸ்பி தாங்காது.

கணினியில் எந்தத் துளை

மேசைக் கணினியில் கேபினட்டின் முன்பக்கத் துளைகளைத் தவிருங்கள். அவை மதர்போர்டிலிருந்து ஒரு நீளமான உள் வயரில் முன்னால் வருகின்றன. அந்த வயர் தளர்வாக இருப்பதும், பக்கத்தில் ஓடும் ஃபேன், கிராஃபிக்ஸ் கார்டின் இரைச்சலை ஏற்பதும் உண்டு. பின்புறத் துளைகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை.

பின்புறத்திலும் எல்லாத் துளைகளும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. சில பிராசஸருக்கு நேராக, சில சிப்செட்டுக்கு, சில ஏஎஸ்மீடியா போன்ற தனிச் சிப்புக்கு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்ஷன்' என்று மாற்றினால் எந்தக் கன்ட்ரோலருக்குக் கீழே எது தொங்குகிறது என்று கிளை கிளையாகத் தெரியும். இன்டர்ஃபேஸ் இருக்கும் கிளையிலேயே வெப் கேமராவும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் ஒன்றை வேறு கிளைக்கு நகர்த்துங்கள். ஒலி அவ்வப்போது 'டிக்' என்று வெட்டுவது இதனாலேயே நின்றுபோகும்.

நல்ல துளையைக் கண்டுபிடித்துவிட்டால் அதில் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டி அதையே பயன்படுத்துங்கள். துளை மாறினால் விண்டோஸ் சில இன்டர்ஃபேஸ்களைப் புதிய கருவி என்று எண்ணிப் பெயருக்கு முன் '2-' என்று சேர்த்துவிடும். ரெக்கார்டிங் மென்பொருளோ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

கணினி என்ன சொல்கிறது

டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பட்டியல் துளிகூட அசையவில்லை என்றால் கேபிள், துளை, நெறிமுறை மூன்றில் ஒன்று. 'அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று வந்தாலும் பிழை எண் 43 (Code 43) வந்தாலும் கணினி ஏதோ மாட்டியிருப்பதை உணர்ந்துவிட்டது, பேச்சுதான் குழறுகிறது. மறுபடி கேபிளும் மின்சாரமும். பெயர் சரியாக வந்து பிழை எண் 10 (Code 10) காட்டினால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து யுஎஸ்பி ஆடியோ 2.0 கருவிகளுக்கு விண்டோஸிலேயே டிரைவர் இருக்கிறது. அதனால் யூடியூப் கேட்கும், கியூபேஸ் போன்ற ரெக்கார்டிங் மென்பொருளில் மட்டும் ஏசியோ (ரெக்கார்டிங்குக்கான தனி டிரைவர் வகை) பட்டியலில் பெயர் இருக்காது. அப்போது போர்ட் நன்றாகவே இருக்கிறது. தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரைப் போடுங்கள்.

மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' வரும். யுஎஸ்பி, தண்டர்போல்ட் என்று தனித்தனிப் பட்டியல்கள். உங்கள் கருவி எதில் வர வேண்டுமோ அதில் வருகிறதா என்று பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்குகளில் மேக்ஓஎஸ் 13 முதல் புதுக் கருவி செருகியதும் அனுமதி கேட்கும். அதில் தவறுதலாக மறுத்திருந்தால் கருவிக்குச் சார்ஜ் மட்டும் போகும். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் அக்சசரிகளுக்கான அமைப்பைப் பார்த்துவிட்டு, மடிக்கணினியின் பூட்டைத் திறந்த நிலையில் மறுபடி செருகுங்கள்.

பெயர் வந்து, நடுவில் அறுந்து அறுந்து வந்தால் விண்டோஸின் மின்சேமிப்பு காரணமாக இருக்கலாம். பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்பில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு 'யுஎஸ்பி ரூட் ஹப்'பிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். ஏஎம்டியின் ரைசன் சிப் உள்ள கணினியில் பி550 அல்லது எக்ஸ்570 மதர்போர்டு, பயாஸ் 2021-க்கு முந்தையது என்றால் பயாஸைப் புதுப்பிப்பது முதல் வேலை. அந்த போர்டுகளில் யுஎஸ்பி விட்டுவிட்டு அறுவதை ஏஎம்டி நிறுவனமே 2021-இல் ஒப்புக்கொண்டு, பயாஸுக்குள் இருக்கும் தன் அஜீசா (AGESA) மென்பொருளின் 1.2.0.2 பதிப்பில் திருத்தம் கொடுத்தது.

நிறத் துளைகள்

மேசைக் கணினியின் பின்னால் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று 3.5 மில்லிமீட்டர் துளைகள் இருக்கும்: முறையே மைக், லைன் இன், லைன் அவுட். இன்டர்ஃபேஸ் யுஎஸ்பியில் இணைந்த பிறகு இந்த மூன்றுக்கும் வேலை இல்லை. இன்டர்ஃபேஸின் ஹெட்போன் வாயிலிருந்து ஒரு கேபிளை இழுத்து இளஞ்சிவப்பில் செருகினால் மைக்குக்கான மெல்லிய உள்ளீட்டில் தடித்த ஒலி போய்ச் சிதறும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ஸ்பீக்கர் பச்சைத் துளையில் இருக்கும், மென்பொருள் இன்டர்ஃபேஸுக்கு ஒலி அனுப்பும், மீட்டர் ஆடும், சத்தம் வராது. ஸ்பீக்கரைக் கழற்றி இன்டர்ஃபேஸின் பின்னால் உள்ள லைன் அவுட்டில் மாட்டுங்கள்.

ஃபயர்வயர் வைத்திருப்பவர்களுக்கு

இணையக் கடைகளில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ஃபயர்வயர் - யுஎஸ்பி' பிளக்கை வாங்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு நெறிமுறை. வடிவத்தை மட்டும் மாற்றும் பிளக்கால் ஒன்றும் ஆகாது. மேசைக் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போடலாம், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து. நான்கு பின் வாயில் மின்சாரம் வராது, இன்டர்ஃபேஸுக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஆறு பின், ஒன்பது பின் வாய்களில் வரும். ஆறு பின் பிளக்கைத் தலைகீழாக அழுத்தினால் மின்சாரம் தரவுக் கம்பியில் பாய்ந்து போர்ட் எரியும், ஆகவே இரண்டு பக்கமும் அணைத்துவிட்டே செருகுங்கள்.

மேக்கில் தண்டர்போல்ட் 3-இலிருந்து 2, அங்கிருந்து ஃபயர்வயர் 800, அங்கிருந்து 400 என்று அடாப்டர் சங்கிலி போட்டு ஓட்டலாம், ஆனால் 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது. அந்த இன்டர்ஃபேஸ் தேவை என்றால் அதை ஓட்டும் மேக்கை அந்தப் பதிப்புக்கு உயர்த்தாமல் வைத்திருங்கள்.